அறுபது ஹெர்ட்ஸ்

நரசிங்கபுரம் தெருவில் நேற்றைய மழை இன்னும் வடியவில்லை.
பலகை போட்டிருந்தார்கள். அதன்மேல் கால்வைத்து
பக்ருதீன் கடைக்குப் போனேன்,
பையில் மிக்சரும் அதன் அடாப்டரும்.

மிக்சருக்கு என் வயதில் பாதி.
பெரம்பூரில் ஒரு சர்ச் புதுசு வாங்கியபோது
நாலாயிரத்துக்கு எனக்கு வந்தது.
ஆறாவது சானலில் இன்னும் ஒட்டியிருக்கிறது
'பாஸ்டர்' என்று பேனாவில் எழுதிய பட்டை.
பதினோராம் தேதி டொரோண்டோ.
நாலு பேர் ஆடுவார்கள். நான் சத்தம்.

"எந்த ஊரு?" என்றார். சொன்னேன்.
"நூத்தி இருபது" என்றார்,
யாருக்கோ பிரஷர் பார்த்துச் சொல்வதுபோல்.

பக்கத்துக் கடைப் பையன் எட்டிப் பார்த்து
உலகத்துக்கே ஒரே பிளக் என்று ஒன்றை நீட்டினான்,
வெள்ளை டப்பா, நூற்றைம்பது நாடு, முந்நூறு ரூபாய்.
பக்ருதீன் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இது காலைத்தான் மாத்தும்மா. கரண்டை மாத்தாது."

பிறகு என் அடாப்டரை எடுத்தார்.
செங்கல் கனம். முதுகில் எறும்பு எழுத்து.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
போன் வெளிச்சத்தில் எழுத்துக்கூட்டினார்:
உள்ளே இருநூற்றி முப்பது, ஐம்பது ஹெர்ட்ஸ்.
வெளியே பதினெட்டு.
அதற்கப்புறம் ஒரு சின்ன அலை.
நேர்கோடு இல்லை, அலை.
"வெளியேயும் ஏசி. இதாம்மா வில்லங்கம்.
இங்க அடுக்கி வெச்சிருக்கிறது பூரா டிசி.
முனை மட்டும் அழகாப் பொருந்தும்.
பொருந்துதேன்னு செருகிட்டு
வாரத்துக்கு ரெண்டு பேர் வந்து நிக்கிறாங்க."

ரெக்கார்டருக்குக் கவலையில்லை.
அதன் சார்ஜரில் நூறு முதல் இருநூற்றி நாற்பது என்று
அச்சடித்திருக்கிறது, எந்தப் பந்தியிலும் உட்கார்ந்துவிடும்.
மிக்சர்தான் வீட்டுச் சோறு கேட்கிறது.

இதையே கொண்டுபோனால்?
"பதினெட்டு கேக்குற இடத்துல ஒம்பதுதான் வரும்.
லைட்டு எரியலாம். பாட்டு அழும்."
ஏற்றிக் கொடுக்கும் டிரான்ஸ்பார்மர் ஒன்று இருந்தது,
நாலரை கிலோ. தூக்கிப் பார்த்தேன்.
பெட்டியில் மிச்சமிருப்பது ஒன்றே முக்கால்.

கடைசியில் ஒன்றும் விற்கவில்லை அவர்.
பில் புத்தகத்தில் ஒரு தாள் கிழித்து எழுதினார்:
உள்ளே 120. வெளியே 18, அலை.
ஒரு ஆம்பியர், கூடினால் பரவாயில்லை, குறையக்கூடாது.
முனையை வெர்னியரில் அளந்து அதையும்.
"அங்கயே வாங்கச் சொல்லுங்க."
படமெடுத்து துஷ்யந்திக்கு அனுப்பினேன்.
டீக்கு மட்டும் காசு கொடுக்க விட்டார்.

ராத்திரி ராயபுரத்தில், காதில் ஹெட்போன்.
கல்மண்டபம் அருகே விடியுமுன் பிடித்த தண்ணி லாரி.
குழாய் திறக்கும் சத்தம், குடங்கள், ஒரு திட்டு, ஒரு சிரிப்பு.
எல்லாவற்றுக்கும் அடியில்
மின்பெட்டியின் உறுமல். ஐம்பது.
ஆறு மாதமாக அதைச் சுரண்டிச் சுரண்டி எடுக்கிறேன்,
சுவரில் போஸ்டர் கிழிப்பதுபோல்,
கொஞ்சம் குடத்தையும் சேர்த்துக் கிழித்துக்கொண்டு.

சும்மா ஒரு ஆசைக்கு
அதன் பக்கத்தில் அறுபதை வைத்துக் கேட்டேன்.
டொரோண்டோ அரங்கில் விளக்கும் ஏசியும் உறுமப்போவது அதில்.
ஐம்பதை ஸட்ஜம் என்று வைத்தால்
அறுபது சாதாரண காந்தாரம்.
ஐந்துக்கு ஆறு. பிசிறே இல்லை.

கொஞ்ச நேரம் எதுவும் செய்யவில்லை.
அப்புறம் பன்னிரண்டாவது டிராக்கில்
ஃபில்டரைக் கழற்றினேன்.
நம் தெரு கீழே உறுமட்டும்,
அவர்கள் கூரை மேலே பிடித்துக்கொள்ளட்டும்.
ஆடுகிறவர்களிடம் இன்னும் சொல்லவில்லை.

ஒரு மணிக்கு துஷ்யந்தியின் பதில்:
"கடையில ரெண்டு இருக்கு, ரெண்டும் பதினெட்டுதான்.
ஓட்டை அளவு வேற வேற.
எது எண்டு இன்னொருக்கா அளந்து சொல்லும்,
பூட்டப் போறாங்கள்."

வெர்னியர் இல்லை.
பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ஸ்கேல் ஒன்று
எப்போதோ இங்கே தங்கிப்போனது.
அதை வைத்துக்கொண்டு பாத்ரூம் விளக்கடியில் நிற்கிறேன்.
இரண்டுக்கும் இரண்டரைக்கும் நடுவில்
கோடே இல்லை.